துரை சப்பாத்து தட்டிய கல்

1

இந்த மாதத்தோடு எனக்கு மலேசியாவில் இருபத்தெட்டு வயது ஆகிறது. துறையூர்ப் பக்கம் பிறந்து, தாலி கட்டிக்கொள்ளும்வரை அங்கே இருந்த வயதை நான் தனியாக வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் முதலில், "அங்க ரொம்பக் குளிருமாமே?" என்பார்கள். அடுத்தது, "சிட்டிசன் ஆயிட்டியா?" என்பார்கள். குளிரும். சிட்டிசன் ஆகவில்லை. என்னுடையது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரமாகத் தங்கலாம், ஓட்டுப் போட முடியாது. விண்ணப்பம் கொடுக்கும்போதெல்லாம் என்னிடம் ஏதாவது ஒரு காகிதம் குறைந்துவிடுகிறது. போன தடவை குறைந்தது நான் எட்டாவது வரை படித்த பள்ளிக்கூடத்தின் கடிதம். அண்ணனை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் ரேஷன் கடை இருக்கிறது, அரிசி வேண்டுமானால் வாங்கி அனுப்புகிறேன் என்றார்.

எனக்கு இத்தனை வருடமாகக் கிடைக்காத அந்தஸ்து ஒரு கல்லுக்கு ஒரே மத்தியானத்தில் கிடைத்தது. வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதில் என் ஒரே மகள் தேவிகாவின் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டதால், நம் ஊர் ஆட்களுக்கு இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் இருக்கும் பிழையை முருகன் பொறுத்துக்கொள்வான்.

2

நாங்கள் இருப்பது கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து உள்ளே போகிற ரோட்டில். முன்பு எஸ்டேட் லயன் வீடு, இப்போது சொந்தமாகச் சின்ன வீடும் பக்கத்தில் ஒரு பூத்தோட்டமும். வீட்டிலிருந்து இறங்கினால் ஆறு. ஆற்றோரத்தில் தேயிலை ஃபேக்டரி. வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீரைத் திருப்பி, பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, அந்தச் சக்கரத்தால்தான் மிஷின்களை ஓட்டினார்களாம். நான் வந்தபோது மிஷின் கரண்டில் ஓடியது. சக்கரம் துருப்பிடித்து நின்றது.

எங்கள் வீட்டுக்காரர் அங்கே கொழுந்து அரைக்கும் ரோலரில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். நானும் ஆறு வருடம் தூள் பிரிக்கிற இடத்தில் வேலை செய்தேன். பிறகு ஃபேக்டரியை மூடினார்கள். கூரையில் வௌவாலும் சுவரில் பெரணிச் செடியும் குடியிருந்தன. மூன்று வருடத்துக்கு முன்னால் கோலாலம்பூர் கம்பெனி ஒன்று வந்து, பழைமையை அப்படியே காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லி வேலையை ஆரம்பித்தது. காப்பாற்றியும் விட்டார்கள். கீழே ஆற்றைப் பார்த்தபடி ரெஸ்டாரண்ட். மேலே, கொழுந்தை வாடப்போடும் நீள மாடியில், கல்யாண டின்னர் ஹால். கீழேயும் மேலேயும் பலகைத் தரையை இழைத்துப் பாலிஷ் போட்டதில் முகம் தெரிகிறது.

அந்த இரும்புச் சக்கரமும் இப்போது சுற்றுகிறது. முன்பு தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி மிஷினை ஓட்டியது. இப்போது கரண்ட் மோட்டார் சக்கரத்தைச் சுற்றித் தண்ணீரைத் தெளிக்கிறது. ஜனங்கள் படம் எடுக்கிறார்கள்.

சாப்பாட்டு அட்டையில் 'தோட்டத் தொழிலாளர் உணவு' என்று ஒன்று உண்டு. வேறு கதியில்லாமல் நாங்கள் தின்ற கருவாடும் மரவள்ளிக் கிழங்கும்தான். அதை மரப்பலகையில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். திறப்பு விழாவுக்குப் பழைய தொழிலாளிகளையும் கூப்பிட்டிருந்தார்கள். பலகையைப் பார்த்ததும் இவர் என் காதில், "நம்மகிட்டயாவது மங்கு தட்டு இருந்துச்சுலா. பாவம், இவங்களுக்கு அதுவும் இல்ல போல," என்றார்.

இவருடைய ரோலருக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்து நடுக்கூடத்தில் வைத்திருந்தார்கள். மேலே கண்ணாடித் தட்டு போட்டு, பச்சை இலை தழைகளை அடுக்கியிருந்தார்கள். சாலட்டாம். இவர் ரோலரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் ஒரு இலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "வாட்டவே இல்ல," என்றார்.

3

கல் விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபேக்டரி வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்புக் கல் நட்டிருக்கும். மேல் விளிம்பு நடுவில் தேய்ந்து பள்ளமாக இருக்கும். துரை தோட்டத்தைச் சுற்றிவிட்டுச் சப்பாத்தோடு, அதாவது பூட்ஸோடு, வருவார். உள்ளே போகுமுன் இடது சப்பாத்தை அந்த விளிம்பில் இழுத்துச் சேற்றைத் தட்டுவார், பிறகு வலது. பழைய வெள்ளைக்கார துரைகள் தட்டியது போக, பின்னால் வந்த இந்த நாட்டு துரைகளும் தட்டித் தட்டி விழுந்த பள்ளம் அது. நாங்கள் செருப்பை அந்தக் கல்லோரம் வரிசையாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போவோம். தூளில் அழுக்குப் படக்கூடாது என்பார்கள். கணக்கெழுதும் பெரிய கிராணிகூடச் செருப்பைக் கழற்றுவார். துரை சப்பாத்து அழுக்கு மட்டும் எந்த வகை அழுக்கோ, அது தூளில் ஒட்டாது.

இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழை நாளில் கால் சேற்றை அந்தக் கல்லில் தேய்த்துவிட்டார். கிராணி பார்த்துவிட்டு, "துரை கல்லுல கால வெக்கிற அளவுக்கு வந்துட்டியாடா?" என்று மூன்று நாள் வேலை தராமல் வீட்டுக்கு அனுப்பினார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது இவருக்குக் காது சிவக்கும்.

கம்பெனி வேலை ஆரம்பித்த சமயம், பழைய ஆட்களின் நினைவுகளைப் பதிவு செய்ய ஒரு பெண் வந்தாள். கோலாலம்பூர்த் தமிழ்ப் பெண். நல்ல மரியாதை. நான் அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனை என் முன்னால் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஆன்ட்டி, உள்ள போறதுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் செருப்பு கழட்டுற கல்லு எது?"

"வாசல்ல இருக்கே, கறுப்புக் கல்லு. அதுகிட்டதான்."

"டெய்லியா?"

"டெய்லி. ஒருத்தர் விடாம."

"மேனேஜர்?"

"துரை கழட்ட மாட்டாரு. ஆனா அவரும் அங்க ஒரு நிமிசம் நின்னுட்டுத்தான் உள்ள போவாரு."

அவள் கண் விரிந்தது. "அந்தக் கல்லு மேல கால் வெக்கலாமா ஆன்ட்டி?"

"ஐயோ! அது எப்படி? எங்க வீட்டுக்காரரு தெரியாம வெச்சிட்டு மூணு நாள் வேலைக்குப் போக முடியாம கெடந்தாரு."

"வாவ்," என்றாள். பிறகு, "வேற ஏதாச்சும் முக்கியமான கல்லு இருக்கா?" என்றாள்.

குழம்பு பொங்கி வழிந்தது. "கல்லா? ஆத்துல நெறைய கெடக்கு, போய்ப் பாருமா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. போகும்போது எனக்கு ஒரு குடை கொடுத்தாள், என்னைப் படமும் எடுத்துக்கொண்டாள்.

திறப்பு விழா அன்று போய்ப் பார்க்கிறேன், துரை சப்பாத்து தட்டிய கல்லைப் பளபளவென்று துடைத்து, அடியில் விளக்குப் போட்டு, மாலை சாத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று மொழியில் பலகை. தமிழில் இப்படி இருந்தது: 'தொழிலாளர்களின் காவல் தெய்வம். தினமும் காலணிகளைக் கழற்றி இதை வணங்கிய பிறகே பணிக்குச் சென்றனர். ஆங்கிலேய நிர்வாகியும் இதன் முன் நின்ற பின்னரே உள்ளே நுழைந்தார். இதைக் காலால் தீண்டியவர்கள் நோயுற்றனர்.' அதன் கீழே, தகவல் கொடுத்தவர் என்று என் படம். தலையில் துண்டு, கையில் கரண்டி.

இவர் பலகையை இரண்டு தடவை படித்தார். பிறகு ரோலரைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நோயுற்றவன் நான்தான்னு என் போட்டோவையும் போடச் சொல்லுடி."

"பேசாம இருங்க. சொல்லிட்டு வரவா?"

"சொல்லாத. நல்லா இருக்கட்டும். எத்தன துரை தட்டின கல்லு! ஒரு மாலை போட்டா என்ன கொறஞ்சிடும்?"

நான் சொல்லவில்லை. இவர் தடுத்தார் என்பது பாதிக் காரணம்தான். சுவரில் என் படம் இருந்தது. இந்த நாட்டில் என் படத்தை நானாகக் கேட்காமல், வரிசையில் நிற்காமல், ஒருவர் ஒட்டியது அதுதான் முதல் தடவை.

4

ஃபேக்டரியில் எங்களுக்குத் தெய்வம் உண்டு. ஆத்து முனி. கால்வாய்த் தண்ணீர் ஃபேக்டரிக்கு அடியில் ஓடி மறுபடி ஆற்றில் விழும் வாயில், இடுப்பு உயரக் கல்லாக நிற்பவர். எண்ணெய் ஏறி மினுமினுவென்று இருப்பார். வருடத்துக்கு ஒரு தடவை சுருட்டு, எலுமிச்சம்பழம், ஒரு பாட்டில். கோவிலில் நாங்கள் அர்ச்சனை செய்யும் முருகன் பெரியவர், அவரிடம் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும். முனியிடம் சண்டை போடலாம்.

தேவிகாவுக்கு நாலு வயது இருக்கும்போது அந்தக் கால்வாயில் விழுந்துவிட்டாள். அன்று நல்ல மழைத் தண்ணீர். கத்திக்கொண்டு ஓடினேன். தண்ணீர் இழுத்துப்போய் அவளை ஆற்றில் தள்ளவில்லை. முனிமேல் சாத்தி வைத்திருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். இவர் குதித்துத் தூக்கினார். ஈரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே சொன்னேன்: "இவ கல்யாணப் பத்திரிக மொதல்ல ஒனக்குத்தான். நானும் இவளும் ரெண்டு பேரும் வந்து வெப்போம். அதுக்கப்புறம்தான் வேற யாருக்கும்."

அந்தப் பெண் 'வேற கல்லு இருக்கா' என்று கேட்டபோது எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். முனியை நான் கல் என்று நினைத்ததே இல்லை. அவர் முனி. கல் என்றால் குழவிக்கல், அடுப்புக்கல், துரை கல்.

திறப்பு விழா அன்று அவரைத் தேடிப் போனேன். எண்ணெயெல்லாம் போக, தண்ணீர் மிஷினை வைத்து அடித்துக் கழுவிச் சாம்பல் நிறமாக்கியிருந்தார்கள். தலையில் சிவப்பு மெத்தை. பின்னால் இருதய வடிவத்தில் பூ வளைவு. ஆற்றோடு சேர்த்துப் படம் எடுக்க உட்காரும் இடமாம். ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. எதிரே மேஜைகளில் பீர். வருடத்துக்கு ஒரு பாட்டில் வாங்கியவர் முன்னால் தினமும் பெட்டி பெட்டியாகத் திறக்கிறார்கள். அவருக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லை, தலைமேல் ஆள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாமி விளக்கின் முன் உட்கார முடியவில்லை. எந்த முகத்தோடு உட்காருவது?

5

தேவிகா ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். தமிழில் ஆரம்பித்து, நடுவில் இங்கிலீஷில் போய், மலாயில் முடிப்பாள். போன வருடம் அவளுக்குத் தாப்பாவிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல பையன். அவனுடைய அம்மா கமலாம்மா, புருஷன் இல்லாமல் அப்பம் சுட்டு விற்று ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவர். பெண் பார்க்க வந்தபோது காப்பியைக் கையில் வாங்குமுன்னே அவர் ஒரு கதை சொன்னார்.

"கோயில் பஸ்ஸுல வந்தோம் சம்மந்தி. கீழ ஃபேக்டரியில டீ குடிக்க நிப்பாட்டுனாங்க. வாசல்ல அந்தக் கறுப்பு சாமி! பாத்த ஒடனே ஒடம்பு சிலிர்த்துப்போச்சு. நெத்தியத் தரையில வெச்சு, எம்மவனுக்கு ஒரு வழி காட்டுன்னு அழுதேன். அடுத்த வாரமே ஒங்க மவ போட்டோ வருது. அட்ரஸப் பாத்தா, அதே ரோடு! அதான் சொல்லிட்டேன், கல்யாணம் ஒங்க கோயில்ல, ராத்திரி டின்னர் அந்த சாமி வாசல்லன்னு."

இவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். சிரிக்கப் போனாரா, வேறு எதற்குப் போனாரா என்று நான் கேட்கவில்லை.

பத்திரிகை அச்சடித்து வந்தது. முதல் பத்திரிகையை முனியிடம் வைத்தாக வேண்டும். நானும் தேவிகாவும் ரெஸ்டாரண்டின் ஈவென்ட் மேனேஜரிடம் போனோம். ஹரிஷ் என்று ஒரு தம்பி, சிரித்த முகம், காதில் எப்போதும் ஒரு கருவி.

"ஆன்ட்டி, அந்த ஸ்பாட் அரை மணி நேர ஸ்லாட். ஃபார்ம் ஃபில் பண்ணணும்," என்று டேப்லெட்டை நீட்டினார். என்ன காரணத்துக்காக என்ற இடத்தில் தேர்ந்தெடுக்க நாலு பெட்டி இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய படம், காதல் சொல்லுதல், பிறந்தநாள், மற்றவை. நேர்த்திக்கடன் என்று ஒரு பெட்டி இல்லை.

"சூடம் கொளுத்தலாமா தம்பி?"

"ஓப்பன் ஃப்ளேம் முடியாது ஆன்ட்டி."

"தேங்கா?"

"ஒடைக்கிறது எதுவுமே முடியாது. சேஃப்டி."

"ஒரு சுருட்டு?"

"நோ ஸ்மோக்கிங் ஏரியா."

"எலுமிச்சம்பழம்?"

கொஞ்சம் யோசித்தார். "டேபிள் டெகரேஷன்ல வரும். ஓகே." பிறகு பரிவோடு சொன்னார்: "ஆன்ட்டி, ப்ரே பண்றதுன்னா வாசல்ல ஒரிஜினல் சாமியே இருக்காரே! ஒங்க போட்டோவே பக்கத்துல இருக்கு. அங்க எல்லாமே அலவ்ட்."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? என் வாயால் கொடுத்த அந்தஸ்து. நாங்கள் 'மற்றவை' பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தோம்.

வெளியே வந்ததும் தேவிகாவிடம், "சம்மந்திகிட்ட உண்மையச் சொல்லிடலாம்னு இருக்கேன்," என்றேன். அவள் நடுரோட்டில் நின்றுவிட்டாள்.

"மா, ப்ளீஸ் லா. அத்தை அந்தக் கல்ல நம்பித்தான் என்னையே பாக்க வந்தாங்க. இப்பப் போயி அது பூட்ஸ் தொடைக்கிற கல்லுன்னா, அப்ப நான் யாரு? பூட்ஸ் கல்லு குடுத்த மருமகளா? வாழ்க்க ஃபுல்லா அதே முகத்தப் பாத்துட்டு இருக்கணும்மா நான்."

"முனிக்கு வாக்குக் குடுத்திருக்கேன்டி."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா. அங்க போயி நான் எதப் பாத்துக் கும்புடுறது, அந்த குஷனையா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். உண்மையைச் சொன்னால் பிள்ளையின் புகுந்த வீட்டுக்கு முதல் நாளே ஒரு கசப்பு. சொல்லாவிட்டால், பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவரைத் தாண்டி, சேறு தட்டிய கல்லுக்கு முதல் மரியாதை. ஒரு வாரம் பூத்தோட்டத்தில் களையோடு செடியையும் பிடுங்கினேன். இவர் மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "அந்தக் கல்லுனால நான் மூணு நாள்தான் வீட்ல இருந்தேன். நீ ஒரு வாரமா வேல கெடுக்கிற," என்றார்.

6

டின்னர் சாப்பாட்டை முன்கூட்டி ருசி பார்க்க ஒரு மத்தியானம் வரச் சொன்னார்கள். நாங்கள் எடுத்திருந்த அரை மணி நேரமும் அதே நாள்தான். பத்திரிகை, எலுமிச்சம்பழம், முந்தானையில் மறைத்த ஒரு சுருட்டு. தேவிகா குதிகால் உயர்ந்த செருப்போடு, என் முகத்தைப் பார்க்காமல் வந்தாள்.

வாசலில் கமலாம்மா எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கறுப்புக் கல்லின் முன் தாம்பாளத்தில் தன் வீட்டுப் பத்திரிகையை மஞ்சள் தடவி வைத்திருந்தார்.

"வாங்க சம்மந்தி. ஒங்களுக்காகத்தான் நிக்கிறேன். ரெண்டு வீட்டுப் பத்திரிகையும் ஒண்ணா வெப்போம்."

என் பையில்தான் பத்திரிகை இருந்தது. கையை உள்ளே விட்டேன். விட்ட கை வெளியே வரவில்லை. அவர் நெற்றியில் அந்தத் தரையின் தூசு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"சம்மந்தி, இது சாமி இல்ல."

"என்ன?"

"துரை சப்பாத்து தட்டுற கல்லு. நாங்க செருப்பு கழட்டி விட்டது இதுகிட்ட. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நான் சொன்னேன். அவங்க சாமியாக்கிட்டாங்க. நான் வாயத் தொறக்கல. தப்பு எம்மேலதான்."

தேவிகா கண்ணை மூடிக்கொண்டாள். கமலாம்மா கல்லைப் பார்த்தார். விளிம்பிலிருந்த பள்ளத்தைப் பார்த்தார்.

"சப்பாத்தா?"

"ஆமா."

"சேறா?"

"சேறு, சாணி, எல்லாம்."

"நான் நெத்திய வெச்சுக் கும்புட்டேனே," என்றார். கொஞ்சம் கழித்து, "மூணு வாட்டி," என்றார்.

கமலாம்மா கண் கலங்கிக் கேட்டார், கோபத்தோடு அல்ல, நிஜமாகவே தெரியாமல்: "அப்ப எம்மவனுக்குப் பொண்ணு குடுத்தது யாரு?"

நான் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினேன். "இவ நாலு வயசுல தண்ணில போனா. புடிச்சு எனக்குத் திருப்பிக் குடுத்தவரு அங்க இருக்காரு. அவரு குடுக்கலன்னா, ஒங்க மவனுக்குக் குடுக்க எங்கிட்ட என்ன சம்மந்தி இருந்திருக்கும்?"

அவர் முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தார். குனிந்து தாம்பாளத்தை எடுத்தார். பிறகு கல்லின் மேலிருந்த மாலையையும் கழற்றினார். ஹரிஷ் தம்பி ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி! அது ஹெரிடேஜ் டிஸ்ப்ளே!"

"கல்லு ஒங்களோடது. மாலை இப்பதான் நான் வாங்கிப் போட்டது, தம்பி," என்றார் கமலாம்மா. "எங்க இருக்காரு, காட்டுங்க சம்மந்தி."

முனியின் தலையில் ஒரு சீன ஜோடி உட்கார்ந்திருந்தது. பெண் பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டிருக்க, பையன் கையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு கிழவிகளும் என்ன மொழியில் என்ன சொல்வது என்று நின்றோம். எங்களைத் தாண்டி தேவிகா போனாள். போகிற வழியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

"சாரி யா," என்றாள் அவர்களிடம். பிறகு மலாயில் மெதுவாக, "இங்க டத்தோ இருக்காரு," என்றாள்.

மரத்திலும் கல்லிலும் இருக்கிற காவல் தெய்வத்துக்கு இந்த ஊர்ச் சீனர்கள் சொல்லும் பெயர் அது. இரண்டு பேரும் சூடு பட்டது போலத் துள்ளி எழுந்தார்கள். அந்தப் பையன் போனைப் பையில் போட்டுவிட்டு முனியைப் பார்த்து மூன்று தடவை கும்பிட்டான். பலகை இல்லாமல், என் படம் இல்லாமல், ஒரே வார்த்தையில் அவனுக்குப் புரிந்தது.

தேவிகா மெத்தையை எடுத்தாள். தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து முனிமேல் ஊற்றினாள். கையால் தேய்த்தாள். தேய்த்த கை பக்கவாட்டில் ஒரு இடத்தில் நின்றது. குழந்தையின் கை பிடிக்கிற அளவுக்கு அங்கே ஒரு பிதுக்கம் இருந்தது.

"மா, இங்கயா புடிச்சிட்டிருந்தேன்?"

"அங்கதான்."

இரண்டு வீட்டுப் பத்திரிகையையும் நாங்கள் மூன்று பேரும் சேர்த்து வைத்தோம். கமலாம்மா மாலையைச் சாத்தினார். நான் சுருட்டைப் பற்றவைக்காமலே வைத்து, "பத்த வெக்க அனுமதி இல்ல, கோவிச்சுக்காத," என்றேன். ஹரிஷ் தம்பி கொஞ்ச தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேவிகா மெத்தையைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

"ப்ரோ, இனிமே இங்க யாரும் ஒக்காரக் கூடாது."

"அது... மேல கேக்கணும் சிஸ்டர். ஃபார்ம் இருக்கு."

ஃபார்ம் தேவைப்படவில்லை. அந்தச் சீனப் பையன் நடந்ததைத் தன் போனில் எழுதிப் போட்டுவிட்டானாம். அடுத்த வாரம் யாரும் உட்காராதபடி முனியைச் சுற்றிக் கயிறு கட்டியாயிற்று. முன்னால் சீனர்கள் படைத்த ஆரஞ்சுப் பழங்கள். வாசல் பலகையை மாற்றும்படி நானே போய்க் கேட்டேன். தலைமை அலுவலகத்தில் ஆராய்ச்சி செய்து முடிவு சொல்வார்களாம். அதுவரை என் படமும் கரண்டியும் அங்கேதான் இருக்கும். எனக்கு அது தண்டனையாக இருக்கட்டும்.

7

கல்யாணம் காலையில் கோவிலில் முருகன் புண்ணியத்தில் நல்லபடி முடிந்தது. சாயங்காலம் டின்னருக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. மேலே தோட்டத்து மண்ணெல்லாம் இறங்கி, கார் நிறுத்தும் இடம் முழுக்கச் சேறு. வாசலில் கறுப்புக் கல் மாலையில்லாமல், அடியில் விளக்கு மட்டும் எரிய நின்றது.

இவர் அன்றைக்குக் கோட்டுப் போட்டிருந்தார். மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த கறுப்பு ஷூ. பெண்ணைப் பெற்றவர் கோட்டும் ஷூவுமாக வரவேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. கணுக்கால் வரை சேறு. வாசலுக்கு வந்ததும், பழக்கம் பாருங்கள், குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"சேறுடி. தரையப் பாரு, கண்ணாடி மாதிரி வெச்சிருக்காங்க."

பின்னால் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கமலாம்மா வந்தார். "கொஞ்சம் தள்ளுங்கண்ணே," என்றார். இடது செருப்பைக் கல்லின் விளிம்பில் வைத்து ஒரு இழுப்பு. வலது செருப்பை வைத்து ஒரு இழுப்பு. "அவரவருக்கு அவரவர் வேலை, சம்மந்தி," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இவர் அவிழ்த்த கயிற்றை மறுபடி கட்டினார். நிமிர்ந்து இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"யாரத் தேடுறீங்க?"

"கிராணி இருக்காரா பாரு."

"இல்ல. தட்டுங்க."

இடது காலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இழுத்தார். வலது காலையும் வைத்து இழுத்தார். அத்தனை துரைமார் தேய்த்த பள்ளத்தில் இவர் ஷூ அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பின்னால் எங்கள் லயன் ஆட்கள், பழைய ரோலர்காரர்கள், தூள் பிரித்த பொம்பளைகள், சேற்றுக் காலோடு வரிசையாக நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

இவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். பலகைத் தரையில் ஷூ டக், டக் என்று கேட்டது. நான் நின்று கேட்டேன். இருபத்திரண்டு வருடம் அந்தக் கட்டடத்துக்குள் நடந்த மனிதரின் காலடிச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.